ஐந்தால் வகுப்பதா, சூத்திரமா, ஈரத்திரியா: பனிநிலையை எப்படிக் கணக்கிடுவது?

மார்கழி, தை மாதங்களில் காலை ஆறரைக்கு யார்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் போய் நிற்பது முந்தின நாள் பிளாஸ்ட் செய்து (மணல் மாதிரித் துகளை வேகமாக அடித்துத் துரு நீக்கி) வைத்த தகட்டிடம்தான். ஆள்காட்டி விரலால் ஒரு கோடு இழுப்பேன். சில நாள் ஒன்றும் தெரியாது. சில நாள் விரல் போன தடம் தனியாகத் தெரியும், நுனியில் ஈரம் ஒட்டும். அப்படி ஒட்டினால் அன்று அந்தத் தகட்டுக்கு பிரைமர் கிடையாது, பத்து மணிக்குள் அதன்மேல் மஞ்சளாகத் துரு பூத்துவிடும், மறுபடி பிளாஸ்டிங்தான். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்வது ராணிப்பேட்டையில் இரும்புக்குப் பெயின்ட் அடிக்கிறவனுக்கு வெறும் பழமொழி இல்லை.

விரலுக்குத் தெரியும் ஈரம் கடைசிக் கட்டம். கண்ணுக்கே தெரியாத மெல்லிய ஈரம் இருந்தாலும் பெயின்ட் பிடிக்காது. அதனால்தான் எங்கள் வேலையில் ஒரு விதி வைத்திருக்கிறோம்: தகட்டின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்குமோ அதுதான் பனிநிலை, ஷாப்பில் எல்லோரும் டியூ பாயிண்ட் என்போம். அதை நேரடியாக அளக்கும் கருவி எல்லோரிடமும் இல்லை. கையில் இருப்பது வெப்பநிலையும் ஒப்பு ஈரப்பதமும்தான் (அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய முழு ஆவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்ற எண்), அந்த இரண்டிலிருந்து பனிநிலைக்குப் போக நாலைந்து வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்று புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. காட்பாடியில் குளிர்பதன அறை வைத்திருக்கும் என் மச்சானுக்கு வந்த சந்தேகமும் இதோடு சேர்ந்ததுதான், உறைபனி நிலை (ஆவி நீராகாமல் நேராகப் பனிக்கட்டியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) பற்றியது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் மனக்கணக்கு. நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழி, ஐந்தால் வகு, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழி. அவ்வளவுதான். 30 டிகிரி, 70 சதவீதம் என்றால் 30-ஐ ஐந்தால் வகுத்து 6, பனிநிலை 24. மேஸ்திரிகள் பல பேர் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், யாரிடம் கற்றார்கள் என்று கேட்டால் தெரியாது. இது நாட்டு வைத்தியம் மாதிரி வாய்வழி வந்த கணக்கு மட்டும் இல்லை. மார்க் லாரன்ஸ் என்பவர் 2005-ல் அமெரிக்க வானிலைச் சங்கத்தின் இதழில் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார், ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏறக்குறைய ஒரு டிகிரிக்குள் சரியாக வரும் என்று. டிசம்பர் காலை 21 டிகிரி, 92 சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். மனக்கணக்கில் 19.4, சூத்திரத்தில் 19.6. இந்தச் சின்ன வித்தியாசத்தால் எந்த முடிவும் மாறாது.

ஆனால் இது வேலூர் பக்கம். கத்திரி வெயிலில் மத்தியானம் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால் மனக்கணக்கு 25 என்று சொல்லும். உண்மையான பனிநிலை 16.2. ஒன்பது டிகிரி பிசகு! 32 டிகிரி, 50 சதவீதம் என்ற எல்லையிலேயே 22 என்று வருகிறது, சரியான விடை 20.3. பிசகு பெரிதாகும்போதெல்லாம் மேல்பக்கம்தான் போகிறது என்பதால் ஆபத்து இல்லை, கூடுதல் எச்சரிக்கைதானே என்று ஒரு மேஸ்திரி அண்ணன் என்னிடம் வாதாடினார். பெயின்ட் அடிக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு மட்டும் அவர் சொல்வது சரி. ஆனால் இதே கணக்கை வைத்துத் தோல் குடோனுக்கு டிஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் கருவி) எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவு செய்தால் பணம் வீண். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் செருப்புப் பெட்டிகளைக் கன்டெய்னரில் ஏற்றி அனுப்புகிறவர்கள் கடலில் கூரை வியர்க்குமா, பூஞ்சை பிடிக்குமா என்று கணக்குப் போடும்போதும் இது உதவாது.

அடுத்தது மேக்னஸ் சூத்திரம். ஹைன்ரிஷ் குஸ்டாவ் மேக்னஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 1844-ல் நீராவியின் அழுத்தத்துக்குக் கொடுத்த வடிவம், பின்னால் பலர் எண்களைத் திருத்தினார்கள், இன்று உலகம் முழுக்க அதுதான் ஓடுகிறது. பெயரைக் கேட்டுப் பயப்பட ஒன்றுமில்லை, போனில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். அதே 30 டிகிரி, 70 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். 30-ஐ 17.62-ஆல் பெருக்கினால் 528.6. அதை 30-உடன் 243.12 கூட்டிய 273.12-ஆல் வகுத்தால் 1.9354. அப்புறம் 0.70-க்கு இயல் மடக்கை, கால்குலேட்டரில் எல்என் என்று இருக்கும் பட்டன், மைனஸ் 0.3567 வரும். இரண்டையும் கூட்டினால் 1.5787. இந்த எண்ணை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதை 243.12-ஆல் பெருக்கினால் 383.8, அதே எண்ணை 17.62-லிருந்து கழித்தால் 16.041, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 23.9 டிகிரி. ஒருமுறை எக்செலில் ஏற்றிவிட்டால் அப்புறம் இரண்டு எண்ணை அடித்தால் போதும்.

இணையத்தில் தேடினால் 17.62-க்குப் பதில் 17.27, 243.12-க்குப் பதில் 237.7 என்று இன்னொரு ஜோடி வரும், எது சரி என்று பையன்கள் குழம்புகிறார்கள். மேலே போட்ட கணக்கில் அந்த ஜோடியை வைத்துப் பார்த்தேன், அதுவும் 23.9 தான், வித்தியாசம் நூறில் ஒரு டிகிரி அளவு. நம் ஊர் வெப்பநிலைக்கு எதை எடுத்தாலும் சரி. ஒரு ஜோடியின் பாதியை இன்னொன்றின் பாதியோடு கலக்காமல் இருந்தால் போதும்.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம், காலை எட்டரை மணி. சுவரில் மாட்டியிருந்த டிஜிட்டல் மீட்டர் 22 டிகிரி, 78 சதவீதம் காட்டியது. சூத்திரத்தில் போட்டேன், பனிநிலை 18.0. தகட்டின்மேல் தெர்மாமீட்டர் வைத்தால் 21.2. மூன்று டிகிரி இடைவெளி தாண்டிவிட்டது, அடிக்கலாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் கழித்து அந்தச் சட்டங்களில் பெயின்ட் உள்ளங்கை அளவுக்கு உரிந்து வந்தது, நகத்தை வைத்து நெம்பினால் அடியில் பழுப்பு நிறத்தில் இரும்பு. மொத்தத்தையும் திரும்பக் கொண்டுவந்து சுரண்டி அடித்துக் கொடுத்தோம்.

கணக்கில் தப்பில்லை. நாலு முறை போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. கடைசியில் மீட்டரைச் சோதித்தபோதுதான் அது 10 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது என்று தெரிந்தது. அன்று காலை உண்மையான ஈரப்பதம் 88 இருந்திருக்கும். 88-ஐப் போட்டால் பனிநிலை 19.9, இடைவெளி வெறும் 1.3 டிகிரி. ஈரப்பதம் 85-ஐத் தாண்டினாலே பொதுவாக வேலையை நிறுத்திவிடுவோம், பனிநிலை வரைக்கும் போகவே வேண்டியிருந்திருக்காது. பெயின்ட் நாற்றமும் தின்னர் நாற்றமும் பிளாஸ்டிங் தூசியும் சூழ்ந்த இடத்தில் ஈரப்பத சென்சார் மெதுவாகத் தன் கணக்கை மறந்துவிடுகிறது, ஆனால் எண் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொண்டே இருக்கும்.

மீட்டரைச் சோதிக்க லேப் தேவையில்லை, சமையல் உப்பு போதும். பாட்டில் மூடி ஒன்றில் உப்பைப் போட்டு நாலைந்து சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்துவிடக் கூடாது, ஈர மணல் மாதிரி குழையாக இருக்க வேண்டும். மூடியையும் மீட்டரையும் ஒரே ஜிப் கவருக்குள் வைத்து இறுக்கமாக மூடுங்கள், உப்பு மீட்டரில் படாமல். வெயில் படாத இடத்தில் இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். உப்புக் குழைக்கு மேலே இருக்கும் காற்று 75 சதவீதத்திலேயே நிற்கும், வெப்பநிலை 20 ஆனாலும் 30 ஆனாலும் பெரிதாக மாறாது, அதுதான் இதன் அருமை. என் மீட்டர் அன்று 65 காட்டியது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சூத்திரங்களுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தைவிட மீட்டரின் பிழை பல மடங்கு பெரியது. 30 டிகிரி, 70 சதவீதத்தில் மீட்டர் 5 சதவீதம் இப்படியோ அப்படியோ போனால் பனிநிலை 22.7-லிருந்து 25.1 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். வறண்ட மத்தியானத்தில் இன்னும் மோசம்: 40 டிகிரி, 25 சதவீதத்தில் அதே 5 சதவீதப் பிழைக்கு விடை 12.8-லிருந்து 19.1 வரை ஓடுகிறது. அதனால் நாலாவது தசம இடம் வரை துல்லியமான புதுச் சூத்திரம் தேடுகிற நேரத்தில் மீட்டரை உப்புக் கவரில் போடுங்கள் என்பேன்.

சரி, மீட்டரையே நம்ப வேண்டாம் என்றால்? பழைய ஈரத்திரி வெப்பமானி இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தெர்மாமீட்டர், ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாவதால் அந்தக் குமிழ் குளிரும், காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிரும். காற்று 30, ஈரத்திரி 25.5 என்று காட்டினால், 25.5 டிகிரிக்கு நிறைவுற்ற ஆவி அழுத்தம் 32.55 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு), இரண்டு தெர்மாமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் 4.5-ஐ 0.652-ஆல் பெருக்கிய 2.93-ஐ அதிலிருந்து கழித்தால் 29.62, அந்த அழுத்தத்துக்கான பனிநிலை மறுபடி அதே 23.9. இந்த 0.652 வேலூர் உயரத்தின் காற்றழுத்தத்துக்கு, சுமார் 985 ஹெக்டோபாஸ்கலுக்கு உரியது. கிட்டத்தட்ட 1100 மீட்டர் உயரமுள்ள ஏலகிரியில் வேலை என்றால் அங்கே அழுத்தம் குறைவு, இந்த எண்ணும் 0.59 அளவுக்கு இறங்கும். மேக்னஸ் வழியில் ஒப்பு ஈரப்பதத்திலிருந்து போகும்போது இந்த உயரத் தொல்லை இல்லை. கணக்கே வேண்டாம் என்றால் அட்டவணை இருக்கிறது, இரண்டு எண் சேரும் கட்டத்தில் விடை.

எனக்கு இந்தக் கருவியின்மேல் பெரிய மரியாதை. பேட்டரி கிடையாது, தின்னர் நாற்றத்தால் கெடுகிற சென்சார் கிடையாது. ஆனால் சோம்பேறிக்கு ஆகாது. துணி சுத்தமான பருத்தியாக இருக்க வேண்டும், விரல் எண்ணெய் படக்கூடாது. தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்க வேண்டும், எங்கள் பக்கத்து போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து துணி தகரம் மாதிரி விறைத்துவிடும், அப்புறம் நீர் ஏறாது. காற்றும் ஓட வேண்டும், அதனால்தான் கைப்பிடி போட்ட மாடலைக் கிலுகிலுப்பை மாதிரிச் சுழற்றுகிறோம், சுவரில் சும்மா மாட்டினால் ஈரத்திரி போதிய அளவு இறங்காது. துணி அழுக்காகி ஒரே ஒரு டிகிரி கூடுதலாக 26.5 காட்டினால் பனிநிலை 25.3 என்று வந்துவிடும், 1.4 டிகிரி பிசகு. இரண்டு நிமிடம் சுழற்றி, படித்து, மறுபடி சுழற்றி, ஒரே எண் வரும் வரை நிற்கப் பொறுமை உள்ளவர் கையில் கொடுத்தால் இதை எதுவும் வெல்லாது.

போனில் வரும் வானிலை ஆப்பில் பனிநிலையும் இருக்கிறதே, அதைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு. நாளைக் காலை எப்படி இருக்கும் என்று முந்தின இரவு திட்டம் போட அது நல்ல துணை, நானே பார்க்கிறேன். ஈரப்பதம் பகலெல்லாம் ஏறி இறங்கும், பனிநிலை அவ்வளவு ஆடாது என்பதால் இரவில் தெரிந்த எண் காலைக்கும் ஓரளவு பொருந்தும். மத்தியானம் 40 டிகிரியில் 25 சதவீதமாக இருந்த அதே காற்று விடியற்காலை 28 டிகிரிக்கு வரும்போது 49 சதவீதம் காட்டும், பனிநிலை மட்டும் 16.2-லேயே நிற்கும். ஆனால் ஆப் சொல்வது பெரிய பரப்புக்கான மதிப்பீடு. பாலாற்றங்கரைப் பள்ளத்தில் இருக்கும் யார்டுக்கும் பாறைக் குன்றின் அடியில் இருக்கும் யார்டுக்கும் அது ஒரே எண்ணைத்தான் கொடுக்கும், நனைந்த தரையோ பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியோ அதற்குத் தெரியாது. அதை வைத்துப் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

காந்தம் வைத்துத் தகட்டில் ஒட்டும் டியூ பாயிண்ட் மீட்டர் ஒன்று இருக்கிறது, காற்று, ஈரப்பதம், தகடு மூன்றையும் அளந்து இடைவெளியையே நேராகக் காட்டிவிடும். பெரிய கம்பெனி வேலைக்கு இன்ஸ்பெக்டர் கேட்பார், வாங்கித்தான் ஆக வேண்டும். பல ஆயிரம் ரூபாய். உள்ளே இருப்பதும் அதே வகை ஈரப்பத சென்சாரும் அதே மாதிரிச் சூத்திரமும்தான், அதனால் அதையும் உப்புக் கவரில் போட்டுப் பாருங்கள்.

எந்த வழியில் போனாலும் தகட்டைத் தனியாக அளக்காமல் விடாதீர்கள். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தகடு தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி கீழே போய்விடும், அதனால்தான் 100 சதவீதம் ஈரப்பதம் இல்லாத இரவிலும் ஸ்கூட்டர் சீட் நனைந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடியை வைத்திருப்பவர்களுக்கும் இரவு வானத்தின் இந்தக் குணம் நன்றாகத் தெரிந்திருக்கும்.

இப்போது மச்சான் கதைக்கு வருகிறேன். அவர் அறை மைனஸ் 18 டிகிரி. ஒருநாள் போன் செய்தார்: "மச்சான், உள்ளே எங்கே பார்த்தாலும் உறைபனி ஏறுது, ஆனா மீட்டர் 84-க்கு மேல போகவே மாட்டேங்குது. மீட்டர் கெட்டுப்போச்சா?" கெட்டுப்போகவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே போனதும் ஒரு விஷயம் மாறுகிறது: பனிக்கட்டி தன்மேல் வைத்திருக்கும் ஆவி அழுத்தம், அதே வெப்பநிலையில் உறையாத நீர் வைத்திருப்பதைவிடக் குறைவு. மைனஸ் 18-ல் நீருக்கு 1.49 ஹெக்டோபாஸ்கல், பனிக்கட்டிக்கு 1.25. பெரும்பாலான மீட்டர்கள் பூஜ்யத்துக்குக் கீழேயும் நீரை வைத்துத்தான் சதவீதம் சொல்கின்றன, வானிலைத் துறைகளின் வழக்கமும் அதுதான். 1.25-ஐ 1.49-ஆல் வகுத்தால் 84 சதவீதம். மச்சானின் அறையில் காற்று பனிக்கட்டியின் கணக்குப்படி முழுக்க நிறைந்துவிட்டது, அதற்குமேல் ஏறுவதெல்லாம் சுவரில் உறைபனியாகப் படிகிறது.

அதனால் குளிர் அறைக்குப் பனிநிலையைக் கணக்கிட்டு முடிவெடுக்கக் கூடாது, உறைபனி நிலைதான் வேண்டும். சதவீதத்திலிருந்து ஆவியின் அளவுக்குப் போகும் முதல் பாதி மேலே போட்ட அதே கணக்குதான், ஓரமாக எழுதி வைத்த எண் வரைக்கும். அங்கிருந்து வெப்பநிலைக்குத் திரும்பும்போது மட்டும் 17.62-க்குப் பதில் 22.46, 243.12-க்குப் பதில் 272.62. மைனஸ் 18 டிகிரி, 70 சதவீதம் என்றால் அந்த எண் மைனஸ் 1.7655. பனிநிலை மைனஸ் 22.1, உறைபனி நிலை மைனஸ் 19.9. கதவுச் சட்டமோ குழாயோ மைனஸ் 21-ல் இருந்தால் பனிநிலையைப் பார்த்தவர் ஒன்றும் படியாது என்பார், ஆனால் அங்கே உறைபனி ஏறும். முழுக் கணக்குக்கு நேரமில்லை என்றால் பனிநிலையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்: மைனஸ் 10-க்கு மைனஸ் 9 (சரியான விடை மைனஸ் 8.9), மைனஸ் 20-க்கு மைனஸ் 18 (மைனஸ் 17.9), மைனஸ் 40-க்கு மைனஸ் 36 (மைனஸ் 36.5). குளிர் அறைக்கு இந்த மனக்கணக்கை நான் தயங்காமல் சொல்வேன். வேலூரில் வெளியே உறைபனி பார்க்க முடியாது, ஊட்டிக்குத்தான் போக வேண்டும், அதனால் அறைக்கு வெளியே இதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை.

எங்கள் கம்ப்ரஸர் காற்றுக்கு மட்டும் ஒரு விஷயம். காற்றை உலர்த்தும் டிரையர் விற்பவர் பனிநிலை 3 டிகிரி என்று சொன்னால் அது அழுத்தத்தில் இருக்கும்போது. 7 பார் காட்டும் குழாயிலிருந்து அதே காற்று வெளியே வந்து விரிந்ததும் அதன் உறைபனி நிலை மைனஸ் 21 அளவுக்கு இறங்கிவிடும். இரண்டில் எதைச் சொல்கிறார் என்று கேட்டு வாங்குங்கள்.

ஆக, என் யார்டுக்கு நான் வைத்துக்கொண்டது இதுதான். சில நூறு ரூபாய் டிஜிட்டல் மீட்டர் இரண்டு, பிளாஸ்டிங் ஷெட்டுக்குள் இல்லாமல் பெயின்ட் அடிக்கும் இடத்தில் நிழலில். எக்செலில் மேக்னஸ். தகட்டுக்குத் தனி தெர்மாமீட்டர். இரண்டு மீட்டரும் ஒத்துப்போகாத அன்றும், இடைவெளி மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நிற்கும் அன்றும் ஈரத்திரியைச் சுழற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு. மனக்கணக்கிலேயே இடைவெளி ஐந்தைத் தாண்டினால் வேறெதுவும் பார்ப்பதில்லை, அதன் பெரிய பிசகெல்லாம் மேல்பக்கம்தான் என்பதால் அது அடிக்கலாம் என்றால் அடிக்கலாம். மச்சானிடம் கணக்கை விட்டுவிட்டு முதலில் கதவுக்குத் திரை போடச் சொன்னேன். வெளியே 30 டிகிரி, 70 சதவீதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 21 கிராம் நீர் இருக்கிறது, மைனஸ் 18-ல் அதே இடத்தில் தங்கக்கூடியது ஒரு கிராம்தான், மீதி இருபதும் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவர் அறையின் குளிரூட்டும் காயிலில்தான் போய் ஒட்டுகிறது.

மாதம் ஒன்றாம் தேதி சாயங்காலம் இரண்டு மீட்டரும் உப்புக் கவருக்குள் போய்விடும். காலையில் 75-லிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு மார்க்கரால் மீட்டரின் முதுகிலேயே எழுதிவிடுகிறோம், அந்த மாதம் முழுக்க அந்த அளவைக் கூட்டியோ கழித்தோதான் எக்செலில் போட வேண்டும்.